அறுபத்தொரு பேரும் பாஸ்

பத்தாங் பெர்ஜுந்தாய்
4.2.2024

துளசிக்கு,

போனில் பேசினால் பாதியில் "வார்டுல கூப்புடுறாங்க அம்மாயி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். உன் அம்மாவைப் பெற்றவள் என்கிற உரிமையில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் நீ சொன்னது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. டாக்டர் நாராயணசாமி தன் கிளினிக்கை உனக்கே விட்டுவிடுகிறேன் என்கிறார். நாற்பது வருடக் கிளினிக். டவுனில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே. கடலுக்கு அந்தப் பக்கம் சபாவில் அரசாங்கம் உன்னைப் போட்ட காலம் ஜூலையில் முடிகிறது. விமானம் ஏறி வந்து நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். வாசலில் உன் பெயர் போட்ட பலகையை எந்த நிறத்தில் எழுதுவது என்று கூட நான் யோசித்துவிட்டேன். நீயோ, பல்கலைக்கழகத்தில் ஏதோ வேலைக்கு மனு போட்டிருக்கிறேன், பாதி நாள் நோயாளி, பாதி நாள் ஆராய்ச்சி என்கிறாய்.

ஐந்து வருடம் படித்தாய். பிறகு ஹவுஸ்மன், பயிற்சி டாக்டர் என்று எலும்பும் தோலுமாக அலைந்தாய். இன்னும் என்ன ஆராய்ச்சி? நேற்றுக் கோயிலில் அத்தனை பேருக்கு முன்னால் அடுத்த வீட்டு அஞ்சலை கேட்கிறாள்: "என்னக்கா, ஒம் பேத்தி டாக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டான்னு பொங்க வெச்ச. இன்னும் முடிக்கலையா லா?"

நான் என்ன பதில் சொல்வது? இந்தத் தோட்டத்திலிருந்து டாக்டரானவள் நீ ஒருத்திதான். பாதி டாக்டர் என்று பலகையில் எழுத முடியுமா?

ஜூன் மாதக் கடைசி வரை காத்திருப்பேன், அதற்கு மேல் முடியாது என்று நாராயணசாமி சொல்லிவிட்டார். யோசித்து எழுது.

கோபமாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை உன் பெயருக்கு அர்ச்சனை செய்ததை அதற்காக நிறுத்தவில்லை.

அம்மாயி நாகமணி


கோத்தா கினாபாலு
19.2.2024

அன்புள்ள அம்மாயிக்கு,

உங்கள் கடிதம் வார்டுக்கு வந்ததும் நர்ஸ்கள் கூடிவிட்டார்கள். கையால் எழுதிய கடிதத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று ஆளாளுக்கு உறையைத் தொட்டுப் பார்த்தார்கள். உள்ளே திட்டுதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

இது படிப்பு இல்லை, வேலை. மாதச் சம்பளம் உண்டு. வாரத்தில் மூன்று நாள் சிறுநீரக நோயாளிகளைப் பார்ப்பேன். இரண்டு நாள், அவர்களுக்கு அந்த நோய் ஏன் வந்தது என்று தேடுவேன். இடையில் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவேன். பாதி டாக்டர் இல்லை, ஒன்றரை டாக்டர் என்று அஞ்சலைப் பாட்டியிடம் சொல்லுங்கள்.

ஹவுஸ்மனாக இருந்தபோது டயாலிசிஸ் வார்டில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. இயந்திரத்தோடு படுத்திருக்கும் நம் பெண்களிடம், "எந்தத் தோட்டம்மா?" என்று கேட்பேன். பத்தில் ஆறு தடவை நமக்குத் தெரிந்த தோட்டமாகவே இருக்கும். எல்லோரும் முதுகில் டப்பா கட்டிக் களைக்கொல்லி அடித்தவர்கள், அல்லது வெயிலில் நின்றவர்கள். ஏன் இத்தனை பேர் என்று பெரிய டாக்டரைக் கேட்டேன். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை என்றார். அன்றிலிருந்து அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தில், இந்தத் துறையில் நம்மவர் ஒரே ஒருவர்தான். பேராசிரியர் முரியல். அவரும் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா மாதா கோயிலில் மணியடித்தவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நம்ம பிள்ளைங்க கஷ்டப்பட்டு டாக்டராகுறாங்க, ஒடனே கிளினிக் தெறக்கப் போயிடுறாங்க. தப்பில்ல. ஆனா கேள்வி கேக்குற எடத்துல நம்ம ஆளு ஒருத்தரும் இல்லன்னா, நம்மளப் பத்தின கேள்விய யாரு கேப்பா?"

நேர்காணல் ஜூன் 12. என்னைப் போல் நாற்பது பேர் மனு போட்டிருக்கிறார்கள், இடம் இரண்டு. கையில் ஓர் ஆரம்ப ஆய்வாவது இல்லாமல் போய் உட்கார முடியாது. முரியலின் குழு ஏப்ரல் 20, சனிக்கிழமை நம் தோட்டத்து மண்டபத்துக்கு வருகிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்தம், சிறுநீர், பிரஷர் மூன்றையும் பார்ப்பார்கள். தமிழில் கேள்விகளை எழுதியது நான். நான் இங்கே மாட்டிக்கொண்டிருப்பதால் வர முடியாது. அந்த ஒரு நாள் முடிவைத்தான் நேர்காணலில் மேசைமேல் வைக்கப் போகிறேன்.

நீங்கள் சொன்னால் எல்லோரும் வருவார்கள். வரச் சொல்லுங்கள், அது போதும்.

துளசி


பத்தாங் பெர்ஜுந்தாய்
22.4.2024

துளசி கண்ணு,

கிளினிக் விஷயம் வேறு, இது வேறு. பேத்திக்கு ஒரு காரியம் என்றால் நாகமணி கையைக் கட்டிக்கொண்டு இருப்பாளா? வந்தவர்கள் அறுபத்தொரு பேர். முரியலம்மா நாற்பது பேர் வந்தால் பெரிது என்று நினைத்து வந்திருக்கிறார். நாற்காலி போதாமல் கோயிலிலிருந்து பாய் கொண்டுவந்தோம்.

வரச் சொன்னால் போதும் என்று எழுதியிருந்தாய். சும்மா வரச் சொல்கிற ஆளா நான்? தோட்டத்துக்குப் பெரிய துரை வருகிறார் என்றால் வேலை வாங்கும் மண்டோர் பத்து நாள் முன்னாலேயே சொல்லிவிடுவார். லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், சாக்கடையைக் கழுவுவோம், பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி நிறுத்துவோம். துரை சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு குறை சொல்லாமல் காரில் ஏற வேண்டும். அப்படித்தான் இதையும் நடத்தினேன்.

பத்து நாள் முன்னாலேயே வீடு வீடாகப் போனேன். "என் பேத்தி பரீட்சை இது. ஒருத்தர் பெயிலானாலும் அவ பேரு கெட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டேன். கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது. தினமும் வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர். கால்வலி மாத்திரை விழுங்குகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நாள் பொறுக்க வேண்டும். தோட்டத்தில் இன்றைக்கு ஒரு வாழை நிமிர்ந்து நிற்கவில்லை. கடைக்காரர் செல்லன் என்னைப் பிடித்துக்கொண்டார்: "என்னக்கா, கருவாடும் அசையல, மாத்திரையும் அசையல. தோட்டமே சாமியாராப் போயிடுச்சா?"

அஞ்சலை ஒருத்திதான் ஒன்பதாவது நாள் ஒரு துண்டு கருவாட்டை வாயில் போட்டுவிட்டாள். வாசனையில் கண்டுபிடித்து வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டேன். அழுதுகொண்டே இரண்டு டம்ளர் சாறு குடித்தாள்.

எல்லோருக்கும் பிரஷர் நன்றாக இருந்தது. "பாஸா? பாஸா?" என்று கேட்டு அந்த மலாய் நர்சைத் துளைத்தெடுத்துவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே எல்லாம் நல்லது என்று "பாகுஸ், பாகுஸ்" என்றாள். அறுபத்தொரு பேரும் பாஸ். இனி உன் கையில்தான் இருக்கிறது.

அம்மாயி


கோத்தா கினாபாலு
13.5.2024

அம்மாயி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

முரியல் வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். "துளசி, ஒங்க தோட்டத்துல எழுபது வயசுப் பாட்டிங்கெல்லாம் கொமரிங்க மாதிரி இருக்காங்க. சந்தோஷந்தான். ஆனா நம்ப முடியல" என்றார். ஐந்து பேர் தங்கள் பழைய கிளினிக் அட்டையைக் காட்டச் சம்மதித்திருந்தார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் கிளினிக் எழுதியதற்கும் ஏப்ரலில் நாங்கள் எழுதியதற்கும் சம்பந்தமே இல்லை. இயந்திரம் பழுதா, ரத்தக்குப்பி மாறிவிட்டதா என்று ஒரு வாரம் தேடியிருக்கிறார்கள். பிறகு நான் உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வாழைத்தண்டு வரைக்கும் சிரித்தார். மாத்திரை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இது பரீட்சை இல்லை அம்மாயி. பாஸ், பெயில் கிடையாது. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வந்தவர்களுக்கு நீங்கள் சுண்ணாம்பு அடித்த சுவரைக் காட்டிவிட்டீர்கள். "இப்போது வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று ஒரு கேள்வி எழுதியிருந்தேன், வருடக்கணக்கில் விழுங்கினால் அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால். அறுபத்தொரு பேரும் இல்லை என்றிருக்கிறார்கள். இந்த ஆய்வைப் பயன்படுத்த முடியாது என்று முரியல் சொல்லிவிட்டார். வெளியிட்டால் அது பொய்யாகிவிடும். தோட்டத்து மக்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எங்கள் பெயரிலேயே ஊருக்குச் சொன்னதாகிவிடும்.

இன்னும் ஒரு மாதத்தில் நேர்காணல். வெறுங்கையோடு போக வேண்டும்.

வரச் சொல்லுங்கள் என்றேனே தவிர எதற்கு என்று விளக்கிச் சொல்லவில்லை, அதனால் தப்பில் பாதி என்னுடையது. அதைப் பெரிய மனதோடு எழுத நினைத்தேன். இன்றைக்கு அந்த மனது வரவில்லை. கோபமாகத்தான் இருக்கிறது.

டாக்டர் நாராயணசாமியிடம் முடியாது என்று இப்போதைக்குச் சொல்லிவிட வேண்டாம்.

துளசி


பத்தாங் பெர்ஜுந்தாய்
30.5.2024

துளசிக்கு,

மறைக்காமல் எழுதுகிறேன். உன் கடிதத்தில் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பேத்தி வீட்டுக்கு வந்துவிடுவாள், பலகை மாட்டிவிடலாம். தெரியாமல் செய்த தப்பு நல்லதாகத்தான் முடிந்தது என்று நினைத்தேன். அதே சந்தோஷத்தோடு பஸ் ஏறி டாக்டர் நாராயணசாமியைப் பார்க்கப் போனேன். நீ வருவாய் போலிருக்கிறது என்று சொன்னேன். ஏன் மனம் மாறினாள் என்று கேட்டார். கதையைச் சொன்னேன்.

மனுஷன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "நாகமணிம்மா, நாப்பது வருஷமா இதே நாற்காலில உக்காந்து ஒங்க ஆளுங்கள ஒவ்வொருத்தரா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டேன். கிட்னி, கிட்னி, கிட்னின்னு. ஏன் இத்தன பேருன்னு எனக்கும் தோணும். அதுக்குள்ள அடுத்த டோக்கன் வந்துடும். இந்த நாற்காலில உக்காந்தா அவளுக்கும் அடுத்த டோக்கன் வந்துடும்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்து கிட்னி கெட்டுச் செத்துப்போன பதினொரு பேரை நினைத்துக்கொண்டு நின்றேன். உன் தாத்தா செல்லையாவும் அதில் ஒருவர். நாம் எல்லோரும் தலைவிதி என்றுதானே சொன்னோம்.

மறுநாளே பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு அதே அறுபது வீட்டுப் படியையும் மறுபடி ஏறினேன். இந்தத் தடவை, "பெயிலானாத்தான் எம் பேத்திக்கு நல்லது, உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றேன். எனக்குப் பைத்தியம் என்று ஊரில் பேச்சு. பேசட்டும்.

அஞ்சலையிடம் நடந்ததை எழுதுகிறேன், கேள்.

"என்னென்ன மாத்திரை சாப்புடுற?"

"நான் மாத்திரையே தொடறதில்லக்கா."

"செல்லன் கடைல வாங்குறியே, மஞ்ச மாத்திரை?"

"அது மாத்திரையா? அது கால்வலிக்கு லா!"

"எத்தன வருஷமா?"

"கடைசிப் பையன் பொறந்ததுலருந்து."

அந்தப் பையனுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது துளசி. "இத ஏண்டி எந்த டாக்டர்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். "அவங்க மருந்து சாப்புடுறியான்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரில குடுத்தா மருந்து. கடைல வாங்குனா கடைச் சாமான்தானே?" என்கிறாள். வெற்றிலை பாக்கைச் சொல்வோமா, அந்த மாதிரி இதையும் சொல்லவில்லை.

முக்கால்வாசி வீட்டில் இதே பதில்தான். களைக்கு மருந்து அடித்துவிட்டு வந்தால் இடுப்பு ஒடிந்துபோகும், மறுநாள் விடியலில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகாவிட்டால் மண்டோர் ஏசுவார். ஒன்றை விழுங்கிவிட்டு நிற்பது. இப்படி ஆரம்பித்தவர்கள் வேலையை விட்ட பிறகும் அதை விடவில்லை. நாற்பத்து மூன்று பேர் என்று என் நோட்டில் இருக்கிறது. செல்லன் முதலில் முறைத்தார். பிறகு அவரே தன் பெண்சாதியின் பெயரையும் எழுதச் சொன்னார்.

நோட்டை ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். ஏதாவது உதவுமா பார். உதவாவிட்டால், கோபம் தீரும் வரை திட்டி ஒரு கடிதம் போடு. கடிதம் வராத நாளில் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாயி


கோத்தா கினாபாலு
28.6.2024

என் அம்மாயிக்கு,

வேலை கிடைத்துவிட்டது. இதை முதல் வரியில் எழுதாவிட்டால் கடிதத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும்.

உங்கள் நோட்டு நேர்காணலுக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. அதை ஆய்வில் சேர்க்க முடியாது. முறைப்படி சம்மதம் வாங்காமல், பெயர் போட்டு எழுதியது. ஆனால் என் கேள்வியே தப்பு என்று அது எனக்குக் காட்டியது. ஆஸ்பத்திரித் தமிழில் நான் வலி மாத்திரை என்று எழுதினேன். உங்கள் ஆட்கள் வீட்டில் கால்வலிச் சாமான் அல்லவா இருக்கிறது!

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். "உங்கள் ஆய்வின் முடிவு என்ன?" என்று கேட்டார்கள். "தோற்றுவிட்டது. எப்படித் தோற்றது என்று சொல்லவா?" என்றேன். துரை வருகை, சுண்ணாம்பு, வாழைத்தண்டு, அஞ்சலைப் பாட்டியின் கருவாடு எல்லாவற்றையும் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. ஓரத்தில் இருந்த மலாய்ப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் தஞ்சோங் காராங் பக்கத்துக் கம்பத்துக்காரராம், கிராமத்து ஆள். "எங்கம்மாவும் செக்கப் வருதுன்னா மூணு நாள் இனிப்பத் தொடமாட்டாங்க" என்று மலாயில் சொன்னார். பிறகு கேட்டார்: "நாடு முழுக்க நாங்க எழுதி வெச்சிருக்கிற எண்ணுல எத்தன சுண்ணாம்பு அடிச்சதோ?" அதற்குப் பிறகு அவர்களுக்குள்ளேயே பத்து நிமிடம் பேசினார்கள். என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இந்தக் கேள்வியையே என் மூன்று வருட ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை முறைப்படி எல்லாம். செப்டம்பர் 14, சனிக்கிழமை. நானும் வருகிறேன், என் மாணவர்களோடு.

ஒரு விஷயம். மாத்திரையை விட்டவர்கள் விட்டபடியே இருக்கட்டும். வலி தாங்க முடியாதவர்கள் நாராயணசாமி டாக்டரைப் பார்க்கட்டும். என் ஆய்வு நன்றாக வர வேண்டும் என்று யாரையும் பிடித்து உட்கார வைத்து மறுபடி விழுங்கச் சொல்லாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

மே மாதம் எழுதிய கடிதத்துக்கு மன்னிப்பு. கோபம் அந்த நோட்டைப் பிரித்தபோதே போய்விட்டது. அறுபது வீட்டுப் படி, இந்த முட்டியோடு!

துளசி


பத்தாங் பெர்ஜுந்தாய்
15.9.2024

துளசி கண்ணு,

நேற்றுச் சாயங்காலம்தான் வேனில் ஏறிப் போனாய், அதற்குள் கடிதமா என்று கேட்பாய். நேரில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. டாக்டர் நாராயணசாமி கிளினிக்கைத் தெலுக் இந்தானிலிருந்து வந்த ஷர்வின் என்கிற டாக்டர் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். நல்ல பையன், டோக்கன் கொடுத்து ஓய மாட்டேன் என்கிறான். பலகையைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் வயிறு எரிகிறது. ஆனால் நேற்று நீ வெள்ளைக் கோட்டோடு நின்று ஆறு பிள்ளைகளுக்கு, அதில் ஒன்று சீனப் பிள்ளை, இரண்டு மலாய்ப் பிள்ளை, தோட்டத்தில் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அப்போது அஞ்சலை என் காதில், "எல்லாரும் அவள டாக்டருங்கிறாங்க, அவ டாக்டருக்கே வாத்தியாரா இருக்கா லா" என்றாள். கோயிலில் இனி அவளே எல்லோருக்கும் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் பாட்டி என்று யாரிடமும் சொல்லாமல் வரிசையில் நின்றேன். அந்தச் சீனப் பெண் என் தாளில் முப்பத்து நான்கு என்று எண் போட்டாள். இதில் பெயர் இருக்காது, துளசி டாக்டருக்குக் கூட யார் என்று தெரியாது என்றாள். நீ எழுதிக் கொடுத்த தமிழ்க் கேள்வியைத் தட்டுத் தடுமாறி வாசித்தாள். "கடையில் வாங்கும் கால்வலிச் சாமான், போன மாதம் எத்தனை நாள்?" பாவம், எத்தனை தரம் பழகியிருப்பாளோ.

முப்பது நாள் என்றேன். தினம் இரண்டு. பத்தொன்பது வருடமாக.

ஏப்ரலில் பத்து நாள் நிறுத்தியது உண்மை. முரியலம்மாவின் வேன் திரும்புவதற்குள் மறுபடி ஒன்றைப் போட்டுக்கொண்டதும் உண்மை. உனக்கு அனுப்பிய நோட்டில் முதல் வரி என்னுடையது. அதில் "இல்லை" என்று எழுதியிருப்பேன். நாற்பத்து மூன்று என்று நீ நினைத்தது நாற்பத்து நான்கு. டாக்டரைப் பெற்றெடுத்த வீட்டில் நோய் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், அதுவும் உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று மறைத்தேன். உன் கையெழுத்தில் இருந்த கேள்வியை ஓர் ஊர் பேர் தெரியாத பெண் அத்தனை கஷ்டப்பட்டுக் கேட்கும்போது பொய் வரவில்லை.

உன் கூட்டத்தில் எந்த எண் யார் என்று நீ பார்க்க மாட்டாய், பார்க்கவும் கூடாது என்கிறார்கள். அதனால் நானே சொல்கிறேன். முப்பத்து நான்கு நான்தான்.

சொந்தக்காரர்களை நீ பார்க்க மாட்டாய் என்றால் முரியலம்மாவிடம் ஒரு தேதி வாங்கு. முதல் பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுகிறேன். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, சாப்பிட்டுவிட்டு வர வேண்டுமா, என்ன சாப்பிட வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பு. இந்தத் தடவை நானாக ஒன்றும் செய்ய மாட்டேன்.

அம்மாயி